பையனின் ஏடிஹெச்டி ரிப்போர்ட்டைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது என் தப்பா? (சேலம், 3-ஆம் வகுப்புப் பையன்)

கொலுசுப் பட்டறை வீட்டம்மா:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு சிவதாபுரம் பக்கம். வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், வீட்டோடு ஒட்டின பட்டறை. பையனுக்கு 8 வயது, தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

ஒன்றாம் வகுப்பிலிருந்தே டைரி முழுக்கச் சிவப்பு மைதான். "உட்கார மாட்டேன் என்கிறான்." "பாதியில் எழுந்து போகிறான்." "பக்கத்துப் பையன் ரப்பரைப் பிடுங்கி வீசினான்." போன வருடம் மட்டும் நான்கு தண்ணீர் பாட்டில், இரண்டு டிபன் பாக்ஸ் மூடி, ஒரு ஷூ தொலைந்தது. ஜோடி இல்லை, ஒற்றை ஷூ. அது எப்படித் தொலையும் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

ஜூலை மாதம் வகுப்பு மிஸ்ஸே கூப்பிட்டுச் சொன்னார்: "இவனுக்கு ஏதோ இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, தெரிஞ்சாதான் அதுக்குத் தக்க நாங்க பாத்துக்க முடியும்." அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் போனேன்.

குழந்தைகள் மனநல மருத்துவர் அவசரப்படவில்லை, நான்கைந்து தடவை வரச் சொன்னார். இதற்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் கிடையாதாம். எங்களுக்கு ஒரு கேள்வித்தாள், மிஸ்ஸுக்கு ஒரு கேள்வித்தாள். வீட்டிலும் தெரிய வேண்டும், பள்ளியிலும் தெரிய வேண்டும், 6 மாதமாவது இருந்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும் என்று விளக்கினார். மிஸ் தன் தாளில் ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் "மிக அடிக்கடி" என்று டிக் போட்டு அனுப்பியிருந்தார். கடைசியில் டாக்டர் ஏடிஹெச்டி (கவனக் குறைவு, அதிகத் துறுதுறுப்புக் கோளாறு), கவனமின்மையும் துறுதுறுப்பும் கலந்த வகை என்று எழுதிக் கொடுத்தார்.

அதை ஜெராக்ஸ் எடுத்துப் பள்ளியில் கொடுத்தேன். அடுத்த வாரம் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு எங்ககிட்ட வசதி இல்லைங்க. இந்த வருஷத்தோட டிசி வாங்கிக்கிட்டா உங்களுக்கும் நல்லது." அதே மிஸ் பக்கத்தில் நின்றார், வாயே திறக்கவில்லை. ரிப்போர்ட் இல்லாதவரை அவன் அடங்காத பையன். ரிப்போர்ட் வந்ததும் அவர்களுக்கு ஆகாத பையன். டிக் போட்டுக் கொடுத்ததே அவர்கள்தானே!

வீட்டில் வேறு கதை. "ஒரு மணி நேரம் உக்காந்து சலங்கை முத்தை ரகம் பிரிக்கிறான், அவனுக்கா கவனம் இல்லை?" என்கிறார் மாமியார். அது பொய்யில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பெரிசு சிறிசு பார்த்துத் தட்டில் பிரித்துப் போடுவான், ஒன்று மாறாது. ஆனால் தமிழ்ப் பாடத்தில் நான்கு வரி எழுத ஒன்றரை மணி நேரம், மூன்று தடவை பாத்ரூம், கடைசியில் நானும் அழுகை அவனும் அழுகை. நாத்தனார், "ஏற்காட்டுல ஹாஸ்டல்ல போடு, மலை மேல விட்டா தானா அடங்குவான்" என்கிறார். ஏற்காடு போகும்போதெல்லாம் 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் எண்ணிக்கொண்டு போகிறவன் அவன். அவனை அங்கே யாரிடம் விடுவது?

டாக்டர் மாத்திரையும் எழுதியிருக்கிறார். மூன்று வாரமாகப் பீரோவில் இருக்கிறது. ரிப்போர்ட்டைக் கொடுத்தது தப்பா? பள்ளியை மாற்றட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய பஸ் ஸ்டாண்டு:

எங்கள் காலத்தில் இதற்குப் பெயர் வாலுத்தனம். வாத்தியார் நாலு போடு போட்டால் சரியாகிவிடும். முதலில் செல்போனைப் பிடுங்குங்கள்.

---

அம்மாபேட்டை அக்கா:

மேலே எழுதியவருக்கு: போட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள், சரியானதா என்று.

தங்கச்சி, ரிப்போர்ட்டைக் கொடுத்தது தப்பே இல்லை. என் மகளுக்கு இது தெரிய ஏழாம் வகுப்பு ஆயிற்று. பொம்பளைப் பிள்ளை, ஓடாது, சத்தம் போடாது, ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கவனமின்மை மட்டும் உள்ள வகை. யாருக்கும் தொந்தரவு இல்லாததால் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. நானே "சோம்பேறி" என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். உன் பையன் எட்டு வயதிலேயே தெரிந்துவிட்டது, அது லாபம்.

முத்து விஷயத்தை உன் மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பார். இந்தப் பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை என்பதில்லை, அதை வேண்டிய இடத்தில் திருப்பி நிறுத்துவதுதான் சிரமம். முத்தில் கை போட்டதும் பலன் கண்ணுக்குத் தெரிகிறது, பக்கத்தில் அப்பா வேறு. நான்கு வரித் தமிழில் அப்படி என்ன இருக்கிறது?

மாத்திரை பற்றி நான் முடிவு சொல்லக்கூடாது. எங்களுக்கு எழுதியது மெத்தில்ஃபெனிடேட். அது அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாட்டோடு விற்கிற மருந்துப் பட்டியலில் இருப்பது. டாக்டர் சீட்டு இரண்டு நகல் வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் எடுத்து 2 வருடம் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடையிலும் இருக்காது, தீரும் முன்பே விசாரித்து வை. முதல் முறை கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார், அன்று ராத்திரி தூக்கமே இல்லை எனக்கு. பசி குறையும். அதனால் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறைய இட்லி, மதியச் சோறு டிபன் பாக்ஸில் அப்படியே திரும்பி வந்தால் திட்டாதே, சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கியதும் தானாகத் தட்டுவடை செட் கேட்கும். ஒவ்வொரு முறையும் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்க்கச் சொல். பீரோவில் வைப்பதற்குப் பதில், உனக்கு என்ன பயம் என்று டாக்டரிடம் நேராகவே சொல்லிவிடு. காசு கஷ்டம் என்றால் நம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் காட்டலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடு.

---

சாக்பீஸ்:

ஓமலூர் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் நான். முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: பத்து வருடத்துக்கு முன் இப்படி ஒரு பையனை தினமும் வாசலில் நிறுத்தியவன் நான். வெளியே நிற்பது அவனுக்குப் பிடித்திருந்தது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. அவன் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16: எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடாது. 2019-இல் வந்த திருத்தம் ஃபெயில் ஆக்குவதைப் பற்றியது, வெளியேற்றத் தடை அப்படியே இருக்கிறது. பிரிவு 17 அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டு ஐயாவும் இதைப் படிக்கலாம். ஆனால் உங்கள் பையன் பள்ளி சிறுபான்மைப் பள்ளியா (மத, மொழிச் சிறுபான்மையினர் நடத்துவதா) என்று விசாரியுங்கள். அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெளியேற்ற முடியாது என்பதால்தான் "நீங்களே டிசி வாங்கிக்கங்க" என்று வாயால் சொல்கிறார்கள். நீங்கள் கேட்டு வாங்கினால் அது வெளியேற்றம் ஆகாது. டிசி கேட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் சொன்னதைத் தேதியோடு கடிதமாக எழுதி, எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகம், அப்புறம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு.

இன்னொன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி பெயர் இல்லை. எழுத இவ்வளவு திணறுகிறான் என்றால் கற்றல் குறைபாடும் கூட இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். இருந்தால் பின்னால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வழி உண்டு.

"வசதி இல்லை" என்பதற்கு என் பதில்: முதல் பெஞ்சு, கதவுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி. பத்துக் கணக்கை மூன்று மூன்றாகக் கொடுப்பது. நோட்டு விநியோகம், சாக்பீஸ் வாங்கி வருவது அவன் வேலை. விளையாட்டுப் பீரியடைத் தண்டனையாகப் பிடுங்கக்கூடாது, அவனுக்குத்தான் அது முதலில் வேண்டும். இதில் எதற்கு வசதி வேண்டும்? என் வகுப்பில் மின்விசிறியே ஒன்றுதான் சுற்றுகிறது.

---

கொலுசுப் பட்டறை வீட்டம்மா:

எல்லாவற்றையும் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். கொலுசைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர் நெருப்பை அணைத்துவிட்டுக் கேட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒன்பதாவதுல என்னை வெளிய நிக்க வெச்ச வாத்தியாரும் இப்படி எங்கயாவது எழுதியிருப்பாரா?" என்றார். இவர் படிப்பை விட்டது அந்த வருடம்தான். இது குடும்ப வழியாகவும் வரும் என்று டாக்டர் சொன்னபோது நான் இவரை நினைக்கவே இல்லை. இத்தனைக்கும் வண்டிச் சாவியைத் தேடாமல் இவர் ஒரு நாளும் வெளியே கிளம்பியதில்லை.

மாத்திரை விஷயமாக வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், இவரும் வருகிறார். டிசி கேட்டுக் கையெழுத்துப் போடப்போவதில்லை. சிறுபான்மைப் பள்ளி இல்லை, விசாரித்துவிட்டேன்.

சாக்பீஸ் சார், கடிதம் இங்கிலீஷில்தான் எழுதணுமா? எனக்கு அவ்வளவு வராது.

---

சாக்பீஸ்:

தமிழிலேயே எழுதுங்கள் அம்மா. இரண்டு நகல், உங்கள் நகலில் தேதியோடு பள்ளி சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்.