காமன் கூத்தைப் படம்பிடிக்க முதல் கமரா: எதை வாங்குவது?

இரவு முறைக்காரன் (பொகவந்தலாவை)

வணக்கம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், பெரும்பாலும் இரவு முறை. வயது 34. இதுவரை கைப்பேசியைத் தவிர வேறெதிலும் படம் எடுத்ததில்லை. சீட்டுப் பணம் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. கூரைத் தகரத்தை மாற்றலாம் என்றார்கள் வீட்டில். பாதியைப் போன வருடமே மாற்றிவிட்டோம், மீதி இன்னொரு மழைக்குத் தாங்கும் என்று சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன்.

எல்லாம் பெரியப்பாவுக்காக. எங்கள் டிவிஷனில் மாசிக் காமன் கூத்தில் ரதி வேடம் அவருடையது, முப்பது வருடங்களுக்கு மேலாக. முழங்கால் விட்டுவிட்டது, வரும் மாசிதான் கடைசி என்கிறார். போன தடவை கைப்பேசியில் நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும் இடத்தில் அவர் தலையைச் சுழற்றிச் சுழற்றி அழுவார். படத்தில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சளாக ஓர் இழுப்புத்தான் இருக்கிறது. இடுப்பில் செருகிய சேலைச் சரிகை மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. அது தன் கூறைச் சேலை என்பதால் பெரியம்மாவுக்கு மட்டும் சந்தோஷம்.

கொழும்பில் ஒரு கடையில் விசாரித்தேன். 18-55 மி.மீ., 70-300 மி.மீ. என்று இரண்டு லென்ஸ், ஒரு முக்காலி, ஒரு தோள்பை, எல்லாம் சேர்த்து ஒரே விலை என்றார்கள். இருட்டில் எடுக்க வருமா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் 24 மெகாபிக்சல் என்றே பதில் வந்தது.

கேனன் 1500டி, நிக்கான் டி3500, இந்த இரண்டில் எது நல்லது? பழைய கமரா வாங்கலாமா? இந்த வயதில் தொடங்குவது கேலிக்கூத்தா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கண்ணாடி வேண்டாதவன் (கண்டி)

இரண்டுமே வேண்டாம் சகோதரரே. அவை டி.எஸ்.எல்.ஆர், உள்ளே கண்ணாடி வைத்த கமரா. அதன் காலம் முடிந்துவிட்டது. நிக்கான் கடைசியாக வெளியிட்டது டி780, 2020இல். டி3500ஐயும் நிறுத்திவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் சேர்த்து, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்குங்கள்.

பழைய நெகட்டிவ் (ஹட்டன்)

கண்டித் தம்பி சொல்வது உண்மைதான். எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்குப் போவதால் நல்ல டி.எஸ்.எல்.ஆர்கள் பாதி விலைக்குக் கைமாறுகின்றன. கையில் இருக்கும் பணத்துக்கு அதுதான் நமக்கு இலாபம். இன்னும் கொஞ்சம் சேர்க்கச் சொல்கிறார், மாசி மாதம் காத்திருக்குமா?

பொகவந்தலாவைத் தம்பி, முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியவன் நான். மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். கேனனா நிக்கானா என்பதையும் மறந்துவிடுங்கள், நீங்கள் கேட்ட இரண்டும் பகலில் ஒன்றுபோலத்தான் எடுக்கும். உங்கள் வேலை இரவில். அங்கே பேசுவது லென்ஸ்.

கமராவோடு வரும் 18-55 லென்ஸை 55 வரை நீட்டினால் அதன் வாய் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறைய வாய் அகலும். எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்வு) 3200இல் 1.8 லென்ஸ் 1/125 வினாடியில் எடுக்கும் படத்தை 5.6 லென்ஸ் எடுக்க 1/13 வினாடி ஆகும். அந்த 1/13 வினாடிக்குள் உங்கள் பெரியப்பாவின் தலை எங்கிருந்து எங்கே போய்விடும்! நீங்கள் சொன்ன மஞ்சள் இழுப்பு அப்படி வந்ததுதான். முக்காலியும் உதவாது. அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், ரதியை நிறுத்தாது.

ஆகவே கமரா உடலைப் பழையதாக வாங்கி, மிச்சத்தில் ஒரு 1.8 லென்ஸ் வாங்குங்கள். பிரட்டுக்களத்தில், அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் திடலில், கூத்து என்றால் வட்டத்தின் ஓரத்தில் நாலைந்து எட்டுத் தள்ளி நிற்பீர்கள். மி.மீ. எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும். கேனனில் 50 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ. போல நடந்துகொள்ளும், இடுப்புக்கு மேல்தான் அடங்கும். நிக்கானின் 35 மி.மீ. டிஎக்ஸ் லென்ஸில் கால் சலங்கையிலிருந்து தலைவரை விழும். நான் என்றால் பழைய டி5300உம் அந்த 35உம் எடுப்பேன். டி5300இன் திரை வெளியே மடிந்து வரும், கூட்டம் மறைத்தால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம். திரை வழியாக எடுக்கும்போது அது ஃபோகஸ் பிடிப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம் என்பது வேறு விஷயம். அந்த வசதிதான் முக்கியம் என்றால் கேனன் 200டி பாருங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. டி3500, டி5300 உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. 1.8டி லென்ஸை மலிவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். மாட்டினால் படம் எடுக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். பெயரில் ‘ஏஎஃப்-எஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிளாஷ் போடவே போடாதீர்கள். பந்தத்தின் நிறம் செத்துவிடும், ஆடுபவருக்கும் கண் கூசும்.

வயது பற்றிக் கேட்டீர்கள். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மையாருக்கு மகளும் மருமகனும் முதல் கமராவைப் பரிசாகக் கொடுத்தது 1863இல், அவருக்கு 48 வயதில். ஃபோகஸ் சரியில்லை என்று அந்தக் காலத்தில் அவரைக் கேலி செய்தார்கள். பிறகு இலங்கைக்கு வந்து நம் தோட்டத்து ஆட்களையும் படம் பிடித்தார். 1879இல் இறந்தார். கல்லறை உங்கள் பொகவந்தலாவையில், சென் மேரிஸ் தேவாலய வளவில்தான் இருக்கிறது. அடுத்த தடவை அந்த வழியாகப் போனால் எட்டிப் பாருங்கள்.

மூடுபனி (நுவரெலியா)

அண்ணா, ஐயா வாங்குவதைச் சொல்லிவிட்டார், வாங்கிய பிறகு காப்பாற்றுவதை நான் சொல்கிறேன். என் மாமா கொடுத்த லென்ஸைத் தோல் பையில் போட்டு அலுமாரியில் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல வெள்ளை நூல். பூஞ்சணம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி, சிலிக்கா ஜெல் மணிகளைத் துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். நிறம் மாறியதும் பழைய சட்டியில் இளஞ்சூட்டில் புரட்டினால் திரும்பவும் வேலை செய்யும். அந்தச் சட்டியில் பிறகு சமைக்க வேண்டாம். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், தவிடுதான் உள்ளே போகும். உங்களுக்குத் தேயிலைத் தூசும் இருக்கிறது. தொழிற்சாலைக்குள் லென்ஸைக் கழற்றவே கூடாது.

விடியற்காலைக் குளிரில் எடுத்துவிட்டு நேராக அடுப்பெரியும் குசினிக்குள் போனால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். வாசலிலேயே கமராவைச் சொப்பிங் பைக்குள் போட்டு இறுக முடிந்து, அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். பையின் வெளிப்பக்கம் வியர்க்கும், கமரா தப்பிக்கும்.

பழையது வாங்கும்போது கைப்பேசி வெளிச்சத்தை லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். எஃப் 16இல் வைத்து வெறும் வெள்ளையை ஒரு படம் எடுத்தால், சென்ஸாரில் (கமராவுக்குள் படம் விழும் தகடு) இருக்கும் அழுக்குக் கரும்புள்ளியாகத் தெரியும். வெள்ளைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், நம் ஊரில் ஜன்னலைத் திறந்தால் போதும். மூடுபனியில் படம் சாம்பல் பூத்துப் போனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, ஒரு படி கூட்டுங்கள், கமரா அந்த வெள்ளையைப் பார்த்து ஏமாந்துவிடுகிறது.

இரவு முறைக்காரன் (பொகவந்தலாவை)

எல்லோருக்கும் நன்றி. டி5300உம் 35உம் வாங்கிவிட்டேன், ஹட்டனில் திருமணப் படம் எடுக்கும் ஒருவரிடமிருந்து. தங்கச்சி சொன்னபடி கடை வாசலில் மூடுபனியை எடுத்துப் பார்த்தேன். வலது மூலையில் இரண்டு புள்ளிகள். காட்டினேன். அவர் முகம் சுளித்து, சென்ஸாரைத் துடைத்துக் கொடுத்து, மூவாயிரம் ரூபாயும் குறைத்தார்.

முதல் இரவே குழப்பம். லயத்துக் காம்பிராவின் டியூப் வெளிச்சத்தில் 1/250 வினாடியில் எடுத்தால் படத்துக்கு ஒரு நிறம் வந்தால் அடுத்த படத்துக்கு வேறு நிறம், சிலவற்றில் குறுக்கே இருட்டுப் பட்டை. கமரா பழுதா?

பழைய நெகட்டிவ் (ஹட்டன்)

பழுது இல்லை தம்பி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் வினாடிக்கு நூறு தடவை மினுக்கும். ஒரு மினுக்கு முழுதாக உள்ளே வரும்படி ஷட்டரை 1/100 வினாடியில் வையுங்கள். மாசியில் பந்தத்தோடு டியூப்பும் கட்டினால் அங்கேயும் அதேதான். டி5300இல் ஜிபிஎஸ் இருக்கிறது, அதை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் விடிவதற்குள் பற்றரியைத் தின்றுவிடும்.

இரவு முறைக்காரன் (பொகவந்தலாவை)

1/100இல் சரியாகிவிட்டது ஐயா. பெரியப்பாவை வேடமில்லாமல் எடுத்தேன். புருவத்தில் நாலு நரைமயிர் தனித்தனியாக எண்ணும்படி விழுந்திருக்கிறது. வெகு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரதிக்கு இவ்வளவு துல்லியம் வேண்டாம், மாசிக்கு முன்னால் சவரத்துக்கு ஒரு நல்ல பிளேடு வாங்கிக் கொடு என்றார்.