மேடு ஏறினா மிஸ்ஸிங், 3-ம் 4-ம் பிளக் மட்டும் நனையுது: ஹெட் கேஸ்கெட் போச்சா?

கேள்வி

1960களின் பிரிட்டிஷ் கார். 1.5 லிட்டர், 4 சிலிண்டர், ஒற்றை எஸ்யூ கார்புரேட்டர், பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டிச்சு விடுற முனைகள்) வச்ச லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரம் அனுப்புறது). ஐடிலிங் பரவாயில்லை. மேட்டிலோ டாப் கியரில் திடீர்னு ஆக்சிலேட்டரை அமுக்கினாலோ மிஸ் அடிக்குது, இழுவையே இல்லை. நடுநடுவே கார்புரேட்டர் பக்கம் "டப்"னு தும்முது. கழற்றிப் பார்த்தா 1, 2 பிளக்கில் லேசா காய்ஞ்ச கரி, 3, 4 ரெண்டும் கருப்பா ஈரமா இருக்கு. புது பிளக் போட்டா ஒரு நாள் நல்லா ஓடும், அப்புறம் பழைய கதைதான். இதோட மூணாவது செட். ஹெட் இறக்கணுமா?

பதில் 1

ஹெட் பக்கம் இப்போ போகாதீங்க. அந்த ஈரம் பெட்ரோலா ஆயிலான்னு முதல்ல தெரியணும். மிஸ் அடிக்கும்போதே இன்ஜினை ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழற்றி நுனியை வெள்ளைத் தாளில் அழுத்தி எடுங்க. ஒரு அஞ்சு நிமிஷத்தில் கறை உலர்ந்து கரித்தூள் மட்டும் மிஞ்சினா பெட்ரோல், அதாவது அந்த சிலிண்டர் எரியவே இல்லை. வெளிச்சத்தில் பிடிச்சா தாள் பஜ்ஜி மடிச்ச காகிதம் மாதிரி ஊடுருவித் தெரிஞ்சா ஆயில். அப்படின்னா பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் கைடு (வால்வ் தண்டு ஓடுற குழாய்) தேய்ஞ்சிருக்கு.

பதில் 2

பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டு சேர்ந்து படுத்தா நடுவில் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் இருக்கிற அடைப்புத் தகடு) ஊதியிருக்கும்னுதான் நானும் முதல்ல நினைப்பேன். கம்ப்ரெஷன் பார்த்துடுங்க. இன்ஜின் சூடா இருக்கணும், நாலு பிளக்கும் வெளியே, காயிலுக்கு வர்ற சின்ன ஒயர் கழற்றி, ஆக்சிலேட்டர் முழுசா அமுக்கிய நிலையில், முள் ஏறுறது நிற்கும் வரை ஸ்டார்ட்டர் அடிங்க. ஆக்சிலேட்டரை அமுக்க மறந்தா நாலுமே குறைவாக் காட்டி வீணா பயமுறுத்தும். 3, 4 ரெண்டும் மத்ததைவிட ரொம்பக் கீழே இருந்தா கேஸ்கெட். ஒண்ணு மட்டும் குறைஞ்சா ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா பெரும்பாலும் வால்வ்.

பதில் 3

ஒரு நம்பர் சூடான பிளக் போடுங்க, கரி தானா எரிஞ்சு போகும்.

கேட்டவர்

தாளில் கறை உலர்ந்துடுச்சு, பெட்ரோல்தான். கம்ப்ரெஷன் 148, 150, 146, 149 பிஎஸ்ஐ. பிளக் பெட்டியில் பிபிஆர்6இஎஸ்-11னு போட்டிருக்கு. கேப் (பிளக் நுனியில் பொறி தாவுற இடைவெளி) எதுவும் மாத்தலை, வந்தபடியே மாட்டினேன்.

பதில் 4

கம்ப்ரெஷன் அருமை, கேஸ்கெட்டை மறந்துடுங்க. ரிங்கும் வால்வும்கூட நல்லாத்தான் இருக்கு. சூடான பிளக்கும் வேண்டாம். பிளக் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினா கரியைத் தானே எரிக்கும், வாஸ்தவம்தான். ஆனா தீப்பொறியே வராத சிலிண்டரில் எந்தப் பிளக் சூடாகும்? (மாத்துறவங்க இன்னொண்ணும் கவனிங்க: என்ஜிகேயில் நம்பர் ஏறினா குளிர், சாம்பியனிலும் பாஷிலும் நம்பர் ஏறினா சூடு.)

உங்க இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியுற வரிசை) 1-3-4-2. 3-ம் 4-ம் பிளாக்கில் மட்டும் பக்கத்துப் பக்கம் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பக்கத்துப் பக்கம்தான். கேஸ்கெட் போன மாதிரியே ஏமாத்துறது இதனாலதான். மூடியின் உள்பக்கம் அந்த ரெண்டு முனைக்கும் நடுவில் கரிக்கோடு விழுந்திருக்கும்னு நினைக்கிறேன்.

அந்தத் தும்மலே சாட்சி. ரோட்டர் (மூடிக்குள்ளே சுத்துற கை) 3-க்கு நேரா வரும்போது 3-ல் காத்து முழுசா அமுங்கி இருக்கும், அந்த அழுத்தத்தில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேணும். அதே நேரம் 4-ன் பிஸ்டன் கீழே இருக்கு, அழுத்தம் இன்னும் ஏறலை, இன்டேக் வால்வும் முழுசா மூடலை. தண்ணி பள்ளத்தைத் தேடுற மாதிரி மின்சாரம் கரிக்கோடு வழியா 4-க்கு ஓடும். அங்கே கலவை அகாலத்தில் பத்திக்கிட்டு திறந்த வால்வ் வழியா கார்புரேட்டரில் வெடிக்கும். இன்னொரு சுற்றில் 3 ஒழுங்கா எரிஞ்சாலும், 4-ன் முறை வரும்போது பொறி திரும்ப 3-க்குப் போயிடலாம். அங்கே எரிஞ்சு முடிஞ்ச புகைதான் இருக்கு, அதனால சத்தம் வராது. ஆனா 4 நனைஞ்சுடும். மேட்டில் ஆக்சிலேட்டரை அமுக்கும்போது சிலிண்டர் அழுத்தம் கூடுது, அதனால அங்கேதான் மோசமா காட்டும்.

காரணம் அந்த "-11". அது 1.1 மி.மீ. கேப். பாயிண்ட் சிஸ்டத்துக்கு 0.64 மி.மீ., அதாவது 25 தௌ (ஒரு தௌ, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போதும். கேப் அகலமானா வோல்டேஜ் தேவை ஏறும், அழுக்கோ ஈரமோ இருக்கிற மூடி அதைத் தாங்காது. புது பிளக்கின் விளிம்பு கூர்மையா இருக்கும், குறைஞ்ச வோல்டேஜில் பொறி விடும். அந்த ஒரு நாள் நிம்மதி அதுதான்.

மூடியைக் கழற்றி டார்ச் அடிச்சுப் பாருங்க. பென்சிலில் கிழிச்ச முடி மாதிரி கோடு இருக்கும், துடைச்சாப் போகாது. மூடி சுத்தமா இருந்தா 3, 4 ஒயர்கள் நீளத்துக்கு ஒட்டி ஓடுதான்னு பாருங்க. அப்படி ஓடினாலும் ஒண்ணிலிருந்து ஒண்ணுக்குத் தாவும், பிரிச்சுக் கட்டுங்க.

பதில் 2

ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. போக வழியில்லாத வோல்டேஜ் மூடியையும் ரோட்டரையும் காயிலின் உள்சுற்றையும்தான் துளைக்கும்.

கேட்டவர்

கோடு இருக்கு! 3-க்கும் 4-க்கும் நடுவில், அடியில் கிளை விட்டிருக்கு. பிளேடால் சுரண்டினா ஓடுமா?

பதில் 4

புது மூடி வர்ற வரைக்கும் வண்டியை நகர்த்த மட்டும் ஓடும். சுரண்டின பள்ளத்தில் தூசியும் ஈரமும் தங்கும், அதே இடத்தில் மறுபடி கோடு விழும். மூடியோட ரோட்டரையும் மாத்திடுங்க.

பாயிண்டை 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைங்க. நாலு கேம் முனையிலும் (பாயிண்டைத் திறக்கிற சுழல் மேடு) அளந்து பாருங்க, முனைக்கு முனை மாறினா ஷாஃப்ட் புஷ் தேய்ஞ்சிருக்கு. நனைஞ்ச பிளக்கை பெட்ரோலில் கழுவி உலர்த்தினாப் போதும். கம்பி பிரஷ் வேண்டாம், பீங்கானில் உலோகத்தூள் ஒட்டி அதுவே கசிவுப் பாதை ஆகும். கேப்பை 0.64-க்குக் குறைக்கும்போது பக்க எலெக்ட்ரோடை மட்டும் மெதுவாத் தட்டுங்க. 1.1-லிருந்து இவ்வளவு வளைச்சா அது சாய்ஞ்சுதான் நிற்கும், அதனால அடுத்த தடவை "-11" இல்லாததை வாங்குங்க. கையால் திருகி உட்கார்ந்த பிறகு, புது பிளக்குக்கு அரைச் சுத்து முதல் மூணில் ரெண்டு சுத்து வரை. ஏற்கெனவே போட்டு எடுத்ததுன்னா வாஷர் நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு சுத்து போதும்.

1, 2-ல் இருக்கிற காய்ஞ்ச கரி தனிக் கதை. சோக் நாபை உள்ளே தள்ளின பிறகு கார்புரேட்டருக்கு அடியில் ஜெட் (பெட்ரோல் வர்ற குழாய்) முழுசா மேலே போய் உட்காருதான்னு விரலால் தள்ளிப் பாருங்க. கொஞ்சம் ஏறினா கேபிள் இழுத்துப் பிடிச்சிருக்கு, 1.5 மி.மீ. தளர்வு விடுங்க.

கேட்டவர்

மூடி, ரோட்டர் மாத்தி கேப் 0.64 வச்சாச்சு. தும்மல் போயிடுச்சு, மேட்டில் டாப் கியரிலேயே இழுக்குது. ஜெட்டும் விரலுக்கு ஏறுச்சு, கேபிளைத் தளர்த்திட்டேன்.