ராடுக்கு ஒத்துவரும் ஓம் கணக்கு பல்புக்கும் மோட்டாருக்கும் ஏன் வரவில்லை?

கேள்வி:
வணக்கம் அண்ணா. ஐடிஐ எலக்ட்ரீஷியன் முதல் வருடம் படிக்கிறேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். படித்த இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன், குழப்பம்தான் மிச்சம்.

பிளக்கில் 218 வோல்ட் வருகிறது. வெந்நீர் ராடில் 1500 வாட் என்று போட்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் 35.6 ஓம். அப்படியானால் 6.12 ஆம்பியர், சுமார் 1335 வாட். மீதி 165 வாட் எங்கே? ராடு பழுதா?

60 வாட் குண்டு பல்பு இன்னும் மோசம். 63 ஓம் காட்டுகிறது. கணக்குப் போட்டால் 3.46 ஆம்பியர், 754 வாட்! அரை ஹெச்பி தண்ணீர் மோட்டார் 7 ஓம், அதாவது 31 ஆம்பியர். சரி, கரண்டை நேராகவே அளப்போம் என்று கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கி ராடு ஒயரில் மாட்டினேன். பூஜ்யம் காட்டுகிறது. எங்கே தப்பு?

பதில்:
கிளாம்ப் மீட்டரில் கோளாறு இல்லை தம்பி. ராடு ஒயரை மொத்தமாக உள்ளே விட்டிருப்பீர்கள். பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் எதிரெதிர்த் திசை என்பதால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸ் ஒயர் மட்டும்தான் கிளாம்புக்குள் இருக்க வேண்டும். பேஸும் நியூட்ரலும் தனித்தனி ஒயராக ஓடுகிற மாதிரி ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் போர்டு செய்துகொள்ளுங்கள். பல்பு மாதிரி கொஞ்சமாக இழுக்கும் பொருளுக்கு, அந்தப் பேஸ் ஒயரைக் கிளாம்பில் பத்துச் சுற்று சுற்றி, காட்டுவதைப் பத்தால் வகுங்கள். ராடைத் தண்ணீருக்குள் வைத்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது தண்ணீரில் கை வைக்கவே கூடாது.

இன்னொரு பதில்:
ராடு நன்றாகவே இருக்கிறது. 1500 வாட் என்பது 230 வோல்ட்டுக்குச் சொன்னது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்துப் பாருங்கள், 35.3 ஓம் வரும். உங்களுக்கு வந்தது 35.6. இதைவிட நெருக்கமாக என்ன வேண்டும்? ராடில் மாறாமல் இருப்பது ஓம்தான், வாட் இல்லை. வோல்ட் ஐந்து சதவீதம் இறங்கினால் வாட் பத்து சதவீதம் இறங்கும், ஏனென்றால் கரண்டும் கூடவே குறைகிறது. சாயங்காலம் 180 வோல்ட்டுக்குப் போனால் இதே ராடு 910 வாட்தான் தரும், வெந்நீருக்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும்.

பல்பு விஷயம் இந்தக் கணக்கிலேயே அருமையான இடம். பத்தாம் வகுப்பில் ஓம் விதியை 'மாறா வெப்பநிலையில்' என்று ஆரம்பித்துத்தான் சொல்லித் தருவார்கள். எல்லோரும் அதைத் தாண்டி நேராகச் சூத்திரத்துக்குப் போய்விடுகிறோம். நீங்கள் அளந்த 63 ஓம், ஆறிப்போன டங்ஸ்டன் இழையுடையது. எரியும்போது அந்த இழை ஏறக்குறைய 2500 டிகிரி செல்சியஸில் இருக்கும், அதன் தடை பதினான்கு மடங்கு போல ஏறிவிடும். 230 வோல்ட்டில் 60 வாட் என்றால் 882 ஓம் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். ராடுக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பி சூட்டில் அவ்வளவு மாறாது, அதனால்தான் அங்கே கணக்கு ஒத்துவந்தது.

ஆனால் உங்கள் 3.46 ஆம்பியரும் வெறும் கற்பனை இல்லை. சுவிட்ச் போட்ட அந்த நொடிப் பொழுதில் அவ்வளவு கரண்டு பாயத்தான் செய்கிறது, இழை சூடானதும் அடங்கிவிடும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே 'டப்'பென்று போவது இதனால்தான்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. ராடு 6.1 ஆம்பியர் காட்டியது. பல்புக்குப் பத்துச் சுற்றில் 2.5, அதாவது 0.25 ஆம்பியர். 218-ஐ வகுத்தால் 872 ஓம், பெருக்கினால் 54.5 வாட். அளந்த பல்பு அதேதான், எரியும்போது ஓம் மட்டும் இவ்வளவு தள்ளி நிற்கிறது! மோட்டார் 3.4 ஆம்பியர்தான் இழுக்கிறது. அப்போது 741 வாட் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்:
கூடாது. மல்டிமீட்டர் உள்ளே இருக்கும் பேட்டரியின் டிசியை வைத்து ஓம் பார்க்கிறது, அதனால் தாமிரக் கம்பியின் தடை மட்டும்தான் தெரியும். ஏசியில் ஓடும்போது சுருளே எதிர் வோல்ட்டேஜ் உண்டாக்கிக் கரண்டைத் தடுக்கும். மோட்டார் சிக்கிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கரண்டு பல மடங்கு ஏறி வைண்டிங் கருகுவது அந்தத் தடுப்பு குறைந்துபோவதால்தான்.

741 என்பது வோல்ட்-ஆம்பியர். மோட்டாரில் கரண்டு வோல்ட்டேஜுக்குச் சற்றுப் பின்தங்கி வருவதால் நிஜ வாட் அதைவிடக் குறைவு. அதை ஈபி மீட்டரிலேயே பார்க்கலாம். சிவப்பு எல்ஈடி ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

கேட்டவர்:
3200 என்று போட்டிருக்கிறது. நிமிடத்துக்கு 32 முறை மின்னியது. 32-ஐ 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 0.6 யூனிட். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது, அதனால் மணிக்கு அவ்வளவு என்றால் 600 வாட்!

பதில்:
சரியாகப் போட்டிருக்கிறீர்கள். 600-ஐ 741-ஆல் வகுத்தால் 0.81, உங்கள் மோட்டாரின் பவர் ஃபேக்டர் அது. பில் கணக்குக்கு 600 வாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரும், கரண்டு மிஞ்சினால் தானாக அணையும் எம்சிபி சுவிட்சும் வாங்கும்போது 3.4 ஆம்பியரைப் பாருங்கள், ஸ்டார்ட்டிங் கரண்டு அதைவிடப் பல மடங்கு என்பதையும் சேர்த்து.