காசிகியாரே ஒரே நேரத்தில் இரண்டு ஆறுகளைச் சேர்ந்தது எப்படி?

கேள்வி: வரைபடப்பித்தன்
வெனிசுலா வரைபடத்தில், ஓரினோக்கோ ஆற்றின் மேல்பகுதியிலிருந்து காசிகியாரே என்று ஒரு கோடு பிரிந்து தென்மேற்கே ஓடி, அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவில் விழுகிறது. கடலை நெருங்கும்போது ஆறு கிளைப்பது புரிகிறது. நடுக்காட்டில், இரண்டு பெரும் ஆற்றுப் படுகைகளுக்கு இடையில் எப்படி? யாரேனும் வெட்டிய கால்வாயா?

பதில்: ஆற்றோரம்
யாரும் வெட்டவில்லை. சுமார் 320 கி.மீ. நீளமுள்ள இயற்கையான ஆறு. லா எஸ்மெரால்டா என்ற ஊரைத் தாண்டி நீரோட்டத்தின் கீழே, தமதாமா என்ற இடத்தருகில் பிரிகிறது.

பதில்: பழைய நீரளவர்
ஆற்று நீரை அளப்பதே என் பிழைப்பாக இருந்தது. அதனால் சற்று நீட்டுகிறேன். இரண்டு ஆறுகளுக்கு நடுவே மேடு இருந்தே தீரவேண்டும் என்ற நம்பிக்கைதான் சிக்கல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்கூடப் பிரெஞ்சு வரைபடவியலாளர் புவாஷ், இப்படி ஓர் இணைப்பு இருக்க முடியாது என்று சாதித்தார். 1744இலேயே இயேசு சபைப் பாதிரியார் மானுவேல் ரோமான் அவ்வழியே படகில் போயிருந்தார்! பாரிசில் உட்கார்ந்து ஆற்றை வரைந்தால் இப்படித்தான். 1800 மே மாதம் இயற்கை ஆய்வாளர்களான ஹம்போல்ட்டும் போன்பிளானும் ரியோ நீக்ரோவிலிருந்து எதிரோட்டத்தில் ஏறி ஓரினோக்கோவை அடைந்த பிறகே வாதம் ஓய்ந்தது.

அங்கே நிலம் ஏறத்தாழச் சமதளம். பிரியும் இடத்தில் ஓரினோக்கோவில் ஓடும் நீரில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை ரியோ நீக்ரோ பக்கம் போய்விடுகிறது. அமேசான் படுகை, ஓரினோக்கோவின் தலைப்பகுதியை மெல்லக் கவர்ந்துகொண்டிருக்கிறது என்பது புவியியலாளர்கள் தரும் விளக்கம்.

வரைபடப்பித்தன்
நன்றி ஐயா. அப்படியானால் இரு படுகைகளின் மீன்களும் கலந்திருக்குமே?

பழைய நீரளவர்
சில கலந்தன, பல கலக்கவில்லை. தொடக்கத்தில் ஓடுவது ஓரினோக்கோவின் நீர். வழியில் பாசிமோனி போன்ற கருநீர் ஆறுகள் சேரச்சேர, நிறம் தேநீர் போலாகிறது. அமிலத்தன்மை ஏறுகிறது, சத்து குறைகிறது. வெண்மணல் காடுகளில் இலைச்சருகு ஊறி வரும் நிறம் அது. இந்த முனையில் பிழைக்கும் மீன் அந்த முனையிலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. கொசுவுக்கும் கருநீர் ஆகாது. ரியோ நீக்ரோவில் ஓரளவு நிம்மதியாக இருந்த ஹம்போல்ட், காசிகியாரேயில் நுழைந்ததும் கடிபட்டுத் தவித்தார். பயணக் குறிப்பில் அதைப் பற்றிப் புலம்பியும் இருக்கிறார்.