கடிதம் மட்டும் கேட்டு வருகிறவர்கள்

பல்கலைக்கழக மாணவர் மனநல மையத்தில் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எரிச்சல் மூட்டியவர்கள் கடிதம் கேட்டு வருகிறவர்கள்தான். பாடவேலைகளை ஒப்படைக்கும் தேதி நெருங்கினால், அவகாசம் கேட்கத் துறைக்கு ஒரு கடிதம் வாங்க வாசலில் கூட்டம் கூடிவிடும். "கவுன்சிலிங் எல்லாம் வேண்டாம் மேடம், துறைக்கு ஒரு லெட்டர் மட்டும் கொடுங்க." இதற்கா இத்தனை வருஷம் படித்தோம் என்று தோன்றும்.

அப்படி வந்தவர்தான் அந்த இரண்டாம் ஆண்டு மாணவர். காத்திருக்கும்போது எல்லாருக்கும் தரும், மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 படிவத்தை நிரப்பியிருந்தார். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 (அறவே இல்லை) முதல் 3 (ஏறக்குறைய தினமும்) வரை மதிப்பெண். ஒன்பதுக்கும் 0 போட்டிருந்தார். ஆளைப் பார்த்தால் கண்கள் சிவந்து கிடக்கின்றன. தூக்கத்தைப் பற்றிய கேள்விக்கும் 0! அந்தத் தாள் துறைக்குப் போகும் என்று நினைத்தாராம். கடிதமும் வேண்டும், யாருக்கும் எதுவும் தெரியவும் கூடாது.

"எழுதித் தருகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்ததைத்தானே எழுத முடியும்? சேர்ந்தே எழுதுவோம்" என்று கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். முதல் வரியிலேயே நின்றுபோனோம். "எப்போதிலிருந்து?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏழு வாரமா கிளாசுக்கே போகலை" என்றார். ஆய்வகத்தில் ஒருநாள் திடீரென்று நெஞ்சு படபடத்திருக்கிறது, மூச்சு முட்டியிருக்கிறது, செத்துவிடுவோம் என்றே நினைத்திருக்கிறார். மருத்துவர் ஈசிஜி எடுத்துப் பார்த்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். ஒன்றுமில்லை என்று ஆனபிறகு யாரிடம் போய்ச் சொல்வது? ஆய்வகம் போவதை விட்டார், பிறகு வகுப்பை, பிறகு அறையை விட்டு வெளியே வருவதையே.

இப்படித் திடீரென்று வரும் பீதியைப் பற்றி உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் எழுதிய விளக்கம் இதற்கு அப்படியே பொருந்தும். படபடப்பை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறோம், அதனால் பயம் வருகிறது, பயத்தால் படபடப்பு இன்னும் கூடுகிறது. வாயால் விளக்கினால் தலையாட்டுவார்கள், உடம்பு நம்பாது. அதனால் மூன்றாவது சந்திப்பில் இருவரும் மாடிப்படி ஏறினோம், வேகமாக, வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க வைக்க. மேலே போனதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்ப வருது மேடம்" என்றார். "வரட்டும், நிற்போம்" என்றேன். அதற்கு மேல் பேச எனக்கே மூச்சில்லை. சில நிமிஷத்தில் தானாக அடங்கியது. "இன்னொரு தடவை ஏறலாமா?" என்று கேட்டது அவர்தான். எனக்கு முழங்கால் வலி என்பதை அன்று பதிவேட்டில் எழுதவில்லை.

கடிதத்தில் கடைசியில் இருந்தது நான்கு வரி. நோயின் பெயர் இல்லை. எந்த வேலை தடைப்பட்டது, எவ்வளவு அவகாசம் வேண்டும், அவ்வளவுதான். அவர் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே அனுப்பினேன்.

*

உங்கள் அனுபவம் நன்றாக இருக்கிறது, ஆனால் நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். சிகிச்சை தருகிறவரே கடிதமும் எழுதினால் ஒவ்வொரு சந்திப்பும் பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது. என்னிடம் ஒரு மாணவி நான்கு மாதம் வந்தார். கொஞ்சம் தேறினாலும் சொல்லமாட்டார். தேறிவிட்டால் சலுகை போய்விடும் என்ற பயம். அது புரியாமல் சிகிச்சை பலிக்கவில்லை என்று நான் முறையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் மையத்தில் மதிப்பீடு செய்து கடிதம் எழுதுவது ஒருவர், சிகிச்சை தருவது இன்னொருவர்.

*

பயிற்சி முடித்து முதல் வருஷம் எனக்கு. அந்தப் படிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாணவருக்கு மொத்தமே 4. வரவேற்பில் 'அவசரமில்லை' அடுக்கில் வைத்துவிட்டார்கள். தற்செயலாகத்தான் தாளைப் புரட்டினேன். அந்த நாலில் ஒன்று 9ஆவது கேள்வியில் இருந்தது, சாவைப் பற்றிய நினைப்பைக் கேட்கும் கேள்வியில். அன்றைக்கே கூப்பிட்டு நேரடியாகக் கேட்டேன், "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா?" என்று. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படத் தேவையில்லை என்று படித்திருந்தும் எனக்குக் குரல் நடுங்கியது. அவர் என்னைப் பார்த்து, "இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார். அன்று வழக்கமான 50 நிமிஷத்தோடு முடிக்கவில்லை. ஆபத்தான நேரத்தில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று அவர் கையாலேயே எழுதவைத்து, அக்காவுக்கு அவரே போன் செய்த பிறகுதான் அனுப்பினேன். இப்போது கூட்டுத்தொகைக்கு முன்னால் 9ஆவது கேள்வியைத்தான் பார்க்கிறேன்.

*

மாறுபட்டு எழுதியவருக்கு: நீங்கள் சொல்வது சரிதான். எங்கள் மையத்தில் உளவியலாளர் நாங்கள் இரண்டே பேர், இன்னொருவர் விடுப்பில் போனால் நான் மட்டும். பிரித்து வைக்க ஆளில்லை. அதனால் கடிதத்தில் கால வரம்பை முதல் நாளே எழுதிவிடுகிறேன். நடுவில் தேறினாலும் அந்தத் தேதி வரை செல்லும் என்று மாணவரிடம் சொல்லிவிடுகிறேன். என்னோடு மாடிப்படி ஏறிய அந்த மாணவர் ஆறு தடவை வந்தார். அப்புறம் செமஸ்டர் முடிந்து விடுமுறை விட்டார்கள்.