30,000 ரூபாயில் முதல் கேமரா: எங்கே சறுக்கினீர்கள்?

காவிரிக்கரை (திருச்சி)

யாராவது "ஊர் சுற்றப் போகிறேன், எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று கேட்டால் பத்துப் பேர் பத்து மாடல் சொல்கிறோம். வாங்கின பிறகு என்ன ஆச்சு என்று யாரும் சொல்வதில்லை. நான் ஆரம்பிக்கிறேன்.

2019. கையில் 30,000 ரூபாய். போக நினைத்த இடமெல்லாம் பக்கத்திலேயே: தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், கொடும்பாளூர், நார்த்தாமலை. கடையில் 18-55, 70-300 என்று இரண்டு லென்ஸோடு (எண் கூடினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்) ஒரு செட் காட்டினார்கள். "பேக் ஃப்ரீ சார், கார்டு ஃப்ரீ சார்." பில் 40-ஐத் தாண்டியது. எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் வாங்கியது ஒருவர் பயன்படுத்திய நிக்கான் டி3400, கூடவே 18-55. கேமராவில் ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பை அப்படியே கணினியில் போட்டு ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்த கேமரா என்று பார்த்தேன். 11,000 சொச்சம். நிக்கானில் அந்த எண் படத்துக்குள்ளேயே பதிவாகும். வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில் தேடாதீர்கள், அது எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டுத்தான் வரும்.

முதல் சறுக்கல் தாராசுரத்தில். மாலை ஐந்தரை, ராஜகம்பீரன் மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே ஒரு பாட்டி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஜூம் செய்தால் லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் வரும்). ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 3200, ஷட்டர் திறந்திருந்தது 1/15 நொடி. தூண் கத்தி மாதிரி வந்தது, பாட்டியின் கை மட்டும் புகை. லென்ஸில் இருக்கும் நடுக்கம் குறைக்கும் வசதி நம் கையைத்தான் பிடித்துக்கொள்ளும், பாட்டியின் கையை அல்ல. இதை எந்த விளம்பரத்திலும் நான் படித்ததில்லை.

இரண்டாவது சறுக்கல் நானாகத் தேடிக்கொண்டது. வெளிச்சம் அதிகம் வாங்கும் லென்ஸ் வேண்டும், விலையும் குறைவு என்று பழைய 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸை வாங்கினேன். "எல்லா நிக்கானிலும் பொருந்தும்" என்றார் விற்றவர். பொருந்தியது உண்மை. ஃபோகஸ்தான் ஆகவில்லை. அந்த 'டி' வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். என் டி3400 சேர்ந்த டி3000 வரிசையிலும் டி5000 வரிசையிலும் அந்த மோட்டார் இல்லை. இரண்டு வாரம் கையால் வளையத்தைத் திருகிப் பார்த்துவிட்டு, 1,500 ரூபாய் நட்டத்தில் கைமாற்றினேன்.

பிறகு மோட்டார் உள்ள 35 எம்எம் எஃப் 1.8 ஜி, அதுவும் பழையதுதான். எடை 200 கிராம். எஃப் 5.6-க்கும் 1.8-க்கும் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்ச வித்தியாசம். இந்த வகைக் கேமராவில் 35-தான் நம் கண் பார்க்கிற அளவு, 50 மண்டபத்துக்குள் ரொம்ப நெருக்கும். இன்றைக்கு என் படங்களில் முக்கால்வாசி இதில் எடுத்தவை. முதல் நாளே கேமரா பாடிக்குக் குறைத்து லென்ஸுக்குக் கொடுத்திருக்கலாம்.

உங்கள் கதை?

உப்புக்காற்று (ராமநாதபுரம்)

அண்ணா, எனக்கு லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம் என்று சட்டைப்பையில் போடும் சின்னக் கேமரா வாங்கினேன். முதல் பயணம் தனுஷ்கோடி. இடிந்த தேவாலயத்தைச் சுற்றி நல்ல காற்று, மணல் கணுக்காலில் குத்தியது. இந்தக் கேமராக்களில் ஆன் செய்தால் லென்ஸ் குழாய் மாதிரி வெளியே நீளுமே, அந்த இடுக்கில் மணல் போய்விட்டது. 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம், பாதியில் நின்றது. பதற்றத்தில் கைக்குட்டையால் துடைத்தேன். அதுதான் பெரிய தப்பு, மணலோடு தேய்த்ததில் கண்ணாடியில் கீறல். முதலில் புளோயரால் (காற்று ஊதும் ரப்பர் பந்து) ஊதியிருக்க வேண்டும். ரிப்பேருக்குக் கேட்ட காசில் பாதிக் கேமரா வாங்கலாம். இப்போது கடற்கரை என்றால் ஃபோன் மட்டும்தான்.

நத்தைக்குத்தி (மதுராந்தகம்)

நான் பறவைக்காரி, அதனால் என் கணக்கு வேறு. பறவை எடுக்கும் பெரிய லென்ஸ் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்து, லென்ஸ் கழற்ற முடியாத பழைய நிக்கான் கூல்பிக்ஸ் பி900 வாங்கினேன். 83 மடங்கு ஜூம். நவம்பரிலிருந்து மார்ச் வரை வேடந்தாங்கலும் கரிக்கிலியும்தான் எனக்குப் பயணம். காலை எட்டு மணி வெயிலில் மஞ்சள்மூக்கு நாரையின் கண் வரைக்கும் வரும். சாயங்காலம் கூட்டம் கூட்டமாகத் திரும்பும்போதுதான், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், படத்தில் பிழிந்த துணி மாதிரி இருக்கும். வெளிச்சத்தைப் பதியும் சென்சார் சின்னது, அவ்வளவுதான். தெரிந்தே வாங்கியதால் வருத்தம் இல்லை. மாலையில் கேமராவை மூடிவைத்துவிட்டுச் சும்மா பார்ப்பேன். எடை மட்டும் கிட்டத்தட்ட 900 கிராம், கழுத்து கேட்கும்.

மேகமூட்டம் (கோத்தகிரி)

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் ஃபோன் டார்ச்சைக் கொண்டுபோங்கள். பின்பக்கம் வெளிச்சம் அடித்து முன்பக்கம் பாருங்கள். நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை. எங்கள் ஊர் ஈரத்தில் இன்னும் நன்றாக வளர்ந்தது! அப்பா அரிசி டிரம்மில் வைக்கச் சொன்னார். தயவுசெய்து வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரம் உறிஞ்ச இரண்டு பை சிலிக்கா ஜெல். போதும்.

புதுசு

ஒரு சந்தேகம். என்னிடம் 20,000தான் இருக்கிறது. ஃபோனே போதாதா அண்ணா?

காவிரிக்கரை

தம்பி, பகல் வெளிச்சத்தில் அகலமான காட்சிக்கு ஃபோன் போதும். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு கோயில்களுக்குள் ஃபோனுக்குத் தடை, ஆனால் அதற்காகக் கேமராவை உள்ளே விடுவார்கள் என்று நினைக்காதே. வாசலில் கேட்டுக்கொள். தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடுக்கு (முக்காலி) தனி அனுமதி வேண்டும், அதனால் ட்ரைபாட் வாங்கக் காசு செலவழிக்காதே.

வாங்குவதற்கு முன் ஒன்று செய். வருகிற சனிக்கிழமை கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போகிறேன். மூன்றில் இரண்டுதான் நிற்கிறது, கூட்டமே இருக்காது. விராலிமலையில் என் வண்டியில் ஏறிக்கொள். என் 35-ஐ மாட்டித் தருகிறேன், நாள் முழுக்க நீயே தூக்கு. மெமரி கார்டு மட்டும் உன்னுடையதைக் கொண்டுவா.