மலேசியாவின் கேமரன் மலை ஏற்றத்தில் சைக்கிளோட்டும் நெட்டையர்களுக்கு நேர்ந்த அனுபவங்கள்

தாப்பா நெட்டையன்:
என் உயரம் 186 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்ற ஞாயிறு சைக்கிளில் லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியதும், தோட்டத்தில் ரப்பர் மரம் சீவி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். என் தோளுயரம்கூட இருக்கமாட்டார். ஒரு கையால் தண்ணீர்ப் புட்டியைத் திறந்துகொண்டே, "தம்பி, பசியாறியாச்சா?" என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சு இல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அடுத்த வளைவில் அவரைக் காணவில்லை. அன்று காலை பீடோர் சமதரையில் என் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியவரும் இதே மனிதர்தான். அதுதான் இன்னும் மனத்தை அரிக்கிறது.

பீடோர் குட்டையன்:
உங்களைத் தோற்கடித்தது உயரமன்று, எடை. 188 சென்டிமீட்டர் உயரமுள்ள ஸ்பெயின் சைக்கிள் வீரர் இந்துரைன் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை பிரான்ஸ் சுற்றுப் போட்டியை (டூர் டி பிரான்ஸ்) வென்றார். உங்கள் உயரமே உள்ள பிரிட்டன் வீரர் புரூம் நான்கு முறை வென்றார். நீங்கள் 250 வாட் சக்தியிலும் பெரியவர் 180 வாட் சக்தியிலும் மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் 52 கிலோ என்றால், ஒவ்வொரு கிலோவுக்கும் அவருக்கு ஏறத்தாழ 3.5 வாட், உங்களுக்கு 3 வாட்தான். 9 கிலோ சைக்கிளையும் சேர்த்தால் இடைவெளி குறையும், ஏனெனில் அதே சைக்கிள் சிறிய உடலுக்குப் பெரிய சுமை. அப்படியும் அவரே முந்துவார்.

சமதரையில் கணக்கு மாறும், அங்கே பெரும்பாலான உழைப்பைக் காற்றுதான் விழுங்குகிறது. உடல் பெரிதாகும்போது எடை கூடும் அளவுக்குக் காற்றில் மோதும் பரப்பு கூடுவதில்லை. என் உயரம் 163. எதிர்காற்றில் நெட்டையான நண்பரின் முதுகுக்குப் பின்னே நான் சுகமாக வருவேன். என் முறை வந்து நான் முன்னே போனபோது, என் தலைக்கு மேலே அவருடைய தோள்கள் காற்றில் நின்றன. "முன்னால் யாருமே இல்லாதது போலிருக்கிறது" என்று அவர் சொன்னதை மறக்க முடியவில்லை.

செம்பனை லோரி:
என் கதை சிறியது. மலிவாகக் கிடைத்ததென்று நெட்டையர்களுக்கான பெரிய சட்டகமுள்ள பழைய சைக்கிளை வாங்கினேன், ஒரே மாதத்தில் முழங்கால் வலி வந்தது, விற்றுவிட்டேன்.

ஆகவே அனைவரும் முதலில் வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கிடையே ஒரு புத்தகத்தை இறுக்கி வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், மிதிக்கட்டைகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பகுதிவரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும்; 76 என்றால் 67 சென்டிமீட்டர். மிதிக்கட்டையைத் தாங்கும் தண்டையும் பாருங்கள். குட்டையான கால்களுக்கு 175 மில்லிமீட்டர் தண்டைக் கடைக்காரர் மாட்டிக் கொடுத்தால், மிதிக்கட்டை மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். 165 கேட்டு வாங்குங்கள். உயரத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. டுங்குனைச் சேர்ந்த நம் சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் 170 சென்டிமீட்டரை எட்டாதவர், ஆனாலும் 2017இல் ஹாங்காங்கில் கெய்ரின் என்னும் வளையத்தடப் பந்தயத்தில் உலகப் பட்டத்தை வென்றார்.

பீடோர் குட்டையன்:
அண்ணே, அவர் ஓடியது வளையத்தடம், அங்கே மலை ஏது? தாப்பா நெட்டையன் முழங்கால் வலி என்றும் எழுதவில்லையே.

தாப்பா நெட்டையன்:
இருக்கை சரியாகத்தான் இருக்கிறது, அண்ணே; அளந்துவிட்டேன். ஒன்றை எழுத மறந்துவிட்டேன். இறக்கத்தில் அந்தப் பெரியவரை எட்டிப் பிடித்தேன். மிதிக்காமலே என் சைக்கிள் அவரைத் தாண்டி உருண்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு இருந்தது. "பசியாறிவிட்டேன் ஐயா!" என்று கத்தினேன். காற்றில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.